அப்பா வந்தால் லேக்

போன மார்ச்சில் அக்கா மகனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மல்லாந்து கிடக்கும் சிலந்தி மாதிரி எட்டு ஆன்டெனா, நடுவில் சிவப்பு விளக்கு, கீழே விலை 24,999 ரூபாய். "மாமா, இந்த ரூட்டர் வாங்கினா பிங் குறையும்னு போட்டிருக்கான். அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க." பிங் என்றால் நாம் அனுப்பிய தகவல் போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வர ஆகிற நேரம்.

பையனைக் குறை சொல்ல முடியாது. ஒரு வருஷமாக அவன் பட்ட பாடு அப்படி. பிளேஸ்டேஷன் 5-இல் கால்பந்து ஆடும்போது பந்தை உதைக்கச் சொன்னால் ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் உதைக்கிறான். அதற்குள் எதிராளி பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறான். இந்தத் தாமதத்தைத்தான் லேக் என்கிறார்கள். நண்பர்களோடு பார்ட்டி (குழு அரட்டை) போட்டுப் பேசினால் இரண்டு பேர் குரல் கேட்கும், மூன்றாமவன் குரல் வராது. இணைய இணைப்புக்காரர்களிடம் புகார் கொடுத்தால் ஒருவர் வந்து, வாசலில் நின்றபடியே போனில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டிக் காட்டுவார். 40 எம்பிபிஎஸ் (நொடிக்கு 40 மெகாபிட்) திட்டம், முள்ளும் 40-ஐத் தொடும். "ஸ்பீடு வருதே சார்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிடுவார்.

பேச்சுவாக்கில் பையன் இன்னொன்றும் சொன்னான்: "அப்பா வீட்டுக்கு வந்தாலே லேக் ஆரம்பிச்சிடும் மாமா." கேட்டுவிட்டு நானும் சிரித்தேன். அலுவலக நெட்வொர்க் பார்த்துப் பிழைக்கிற ஆள் நான், அந்த இடத்தில் சிரித்திருக்கக் கூடாது.

வீடு

அக்கா வீடு திருச்சி உறையூரில். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட். ஃபைபர் கேபிள் வராந்தா ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. கேபிள் எங்கே உள்ளே வந்ததோ அங்கேயே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, ஆணி அடித்துப் பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கண்ணாடி இழை வந்து சேருவதும் அந்த ஒரே பெட்டிக்குள்தான், ரூட்டர், வைஃபை இரண்டும் அதற்குள்தான். அந்தச் சுவருக்கு மறுபுறம் அக்காவின் படுக்கையறை. சுவரை ஒட்டினாற்போல் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு பீரோ. அதையும் தாண்டி, இன்னொரு சுவருக்கு அப்பால் பையனின் அறை. வைஃபை போக வேண்டிய நேர்கோட்டில் பீரோ குறுக்கே நிற்கிறது. சுவரையாவது சிக்னல் திணறித் திணறிக் கடந்துவிடும். இரும்புத் தகட்டில் மோதினால் திரும்பித்தான் போகும்.

ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு லேப்டாப்போடு போய் உட்கார்ந்தேன். முதலில் பிளேஸ்டேஷனின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் இணைப்புச் சோதனை ஓட்டினோம். டவுன்லோட் 17 எம்பிபிஎஸ், நாட் டைப் 3 (வெளியிலிருந்து வரும் இணைப்புக்குக் கதவு எவ்வளவு இறுக அடைத்திருக்கிறது என்று சொல்லும் எண், அதைப் பின்னால் பார்ப்போம்). வாசலில் 40 காட்டியது அறைக்குள் 17 ஆகிவிட்டது. ஆனால் என்னை உறுத்தியது 17 இல்லை. ஆன்லைன் ஆட்டத்துக்கு நொடிக்குச் சில நூறு கிலோபிட் போனாலே பெரிய விஷயம், 17-இல் அது தாராளமாக ஓடும். பாக்கெட், அதாவது தகவலின் சின்னத் துண்டு, எவ்வளவு நேரத்தில் போய்த் திரும்புகிறது, ஒவ்வொன்றும் ஒரே சீராகப் போகிறதா என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. ஸ்பீட் டெஸ்ட் முள் அதைக் காட்டாது.

அளந்தது

லேப்டாப்பைப் பிளேஸ்டேஷன் பக்கத்திலேயே வைத்து, வைஃபையில் சேர்த்து, வராந்தாப் பெட்டிக்கு மட்டும் பிங் ஓடவிட்டேன். வெளி உலகத்துக்கு இல்லை, வீட்டுக்குள் இருக்கிற பெட்டிக்கு. 4, 3, 5, 4 மில்லிசெகண்ட் என்று போய்க்கொண்டிருக்கும். திடீரென்று 88. அப்புறம் 4, 4. உடனே 150. நடுவில் ஒன்றுக்குப் பதிலே வராது. அதே லேப்டாப்பை வராந்தாவுக்குக் கொண்டுபோய் லேன் ஒயரில் செருகினால், எல்லாமே 1 மில்லிசெகண்டுக்குள்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்த் திரும்புவதைக் கணக்கிட்டால் 100 கிலோமீட்டருக்கு 1 மில்லிசெகண்ட். திருச்சியிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர், ஆகக் குறைந்தபட்சம் 11 மில்லிசெகண்ட். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர், அதற்கு 29. கேபிள் வளைந்து போவதாலும் வழியில் உள்ள கருவிகளாலும் உண்மையில் இதைவிடக் கூடுதலாகத்தான் வரும். எந்த ரூட்டர் வாங்கினாலும் இந்த எண்களைக் குறைக்க முடியாது, எத்தனை ஆன்டெனா இருந்தாலும் சரி. ஆனால் அக்கா வீட்டு வராந்தாவிலிருந்து பையன் அறை ஒன்பது மீட்டர்தான். சிங்கப்பூருக்கு ஆகிற நேரத்தைப் போல ஐந்து மடங்கு அந்த ஒன்பது மீட்டரில் போய்க்கொண்டிருந்தது.

முதல் குற்றவாளி கிடைத்தாயிற்று என்று காப்பி குடித்தோம். லேப்டாப்பை ஒயரிலேயே விட்டு, வெளியே கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு ஒரு பிங் ஓடிக்கொண்டிருந்தது. 12, 11, 12, 13. மாலை முழுவதும் நூல் பிடித்தாற்போல் அதே கோடு.

எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு அத்தானின் பைக் சத்தம் கேட்டது. அவர் கட்டட வேலையில் சைட் இன்ஜினியர். செருப்பைக் கழற்றிவிட்டு "என்னப்பா, எப்ப வந்தே?" என்று கேட்டபடி உள்ளே வந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 12. 12. 41. 97. 180. 226. அப்புறம் 220-ஐ ஒட்டியே நின்றுவிட்டது. இது வைஃபை இல்லை, ஒயரில் இருக்கிற லேப்டாப்.

"சொன்னேன்ல மாமா" என்றான் பையன்.

அத்தானின் போனை வாங்கிப் பார்த்தேன். அன்றைக்குக் காங்கிரீட் போட்ட தளத்தை, கம்பி கட்டிய தூண்களை, லாரியில் வந்த மணலைப் படமாகவும் வீடியோவாகவும் எடுத்துத் தள்ளியிருந்தார். வைஃபை கிடைத்தவுடன் கூகுள் போட்டோஸ் பேக்கப் தானாக ஆரம்பித்துவிடுகிறது. பெட்டிக்குக் கீழேதான் அவருடைய நாற்காலி, அங்கே வைஃபைக்குக் குறையே இல்லை. அப்லோட் 40 எம்பிபிஎஸ் மொத்தத்தையும் அந்த ஒரு போன் எடுத்துக்கொள்கிறது.

ரேஷன் கடை வரிசை

லைன் நிறைந்துபோனால் ரூட்டர் மீதிப் பாக்கெட்டுகளை உடனே தூக்கி எறிவதில்லை, நினைவகத்தில் வரிசையாக நிறுத்திவைக்கிறது. வரிசை நீண்டால் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்க வந்தவர், இருபது கிலோ அரிசிக்காரர்கள் முப்பது பேருக்குப் பின்னால் நிற்கிற கதை. ஆட்டத்தின் பாக்கெட் அந்தச் சர்க்கரைக்காரர். கணக்கும் சரியாக வருகிறது: 1 மெகாபைட் என்றால் 8 மெகாபிட், 40 எம்பிபிஎஸ் லைனில் அது வெளியேற 200 மில்லிசெகண்ட் ஆகும். 12-ஆக இருந்தது 220 ஆனதென்றால் பெட்டிக்குள் ஏறத்தாழ ஒரு மெகாபைட் வரிசை நிற்கிறது என்று அர்த்தம். நொடிக்கு 60 படம் காட்டும் ஆட்டத்தில் 200 மில்லிசெகண்ட் என்பது 12 படம். பந்தை உதைப்பதற்கு முன் ஆள் யோசித்தானே, அந்த யோசனைதான் இது.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்ற நிரலாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பில் இதே தொல்லையைத் துரத்திப்போய்ப் பரவலாகப் பேச வைத்தார். 2012-இல் நெட்வொர்க் ஆய்வாளர்கள் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் இதற்கு மருந்தாகக் கோடெல் என்ற வழிமுறையைக் கொடுத்தார்கள். வரிசை எத்தனை நீளம் என்று பார்க்காமல், ஒரு பாக்கெட் எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று பார்ப்பதுதான் அதன் சூட்சுமம். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி வரிசை போட்டு, சர்க்கரைக்காரரை முன்னால் விடும் எஃப்கியூ-கோடெல் அதிலிருந்து வந்தது. அதற்கும் அடுத்த தலைமுறையான கேக் 2018-இல் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்தது. எல்லாம் இலவசம். ஆனால் எட்டு ஆன்டெனா விளம்பரத்தில் இந்தப் பெயர் எதையும் காணோம்.

திட்டத்தை 100-க்கு ஏற்றிவிட்டால் சரியாகிவிடாதா என்று அத்தான் கேட்டார். பேக்கப் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். முடிகிற வரைக்கும் வரிசை வரிசைதான்.

நாட் டைப் 3

இது வேறு வியாதி, பார்ட்டியில் மூன்றாமவன் குரல் வராததற்குக் காரணம். பெட்டியின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரியைப் பார்த்தேன், 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை உள்ள முகவரிகள் 2012 ஏப்ரலில் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. மொத்தம் 41,94,304 முகவரிகள், இணைய நிறுவனங்கள் உள்ளுக்குள் பயன்படுத்த மட்டும். இணைய முகவரி முறையான ஐபி நான்காம் பதிப்பின் கடைசித் தொகுதிகள் உலக அளவில் 2011 பிப்ரவரியிலேயே பங்கிடப்பட்டுவிட்டன. அதனால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவிடுகிறார்கள். இதைத்தான் சிஜிநாட் என்கிறார்கள். அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கதவெண் மட்டும் இருந்து, வீட்டு எண் எதுவும் இல்லாமல் போனால் தபால்காரர் என்ன செய்வார்? நீங்கள் அனுப்பினதற்குப் பதில் வரும், யாராவது தானாக உங்களைத் தேடி வந்தால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

நண்பர்களின் கன்சோல்கள் ஒன்றோடொன்று நேராகப் பேச வேண்டிய இடங்களில் இது கழுத்தைப் பிடிக்கும். போர்ட் (வெளியிலிருந்து வரும் தகவலுக்கான வாசல் எண்) திறப்பது, கன்சோலே அதைத் திறந்துகொள்ள யூபிஎன்பி போடுவது என்று வீட்டுப் பெட்டியில் எதைச் செய்தாலும் பயன் இல்லை. பூட்டு அடுத்த தெருவில், நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே நிலை 'ஸ்ட்ரிக்ட்' என்று காட்டும். 3074-ஆம் யூடிபி போர்ட்டைத் திறந்துவிட்டு, ஏன் மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களில் பலருக்கு வெளி முகவரியைப் பார்க்கத் தோன்றியிருக்காது. முதலில் அதைப் பாருங்கள்.

எங்களுக்குக் கிடைத்த வழி ஸ்டாட்டிக் ஐபி, அதாவது நமக்கென்றே தனியான, மாறாத பொது முகவரி. நிறுவனத்துக்குத் தனியாகக் கட்டணம் கட்டி வாங்கினோம். மூன்று முறை போன் போட்டும் எதிர்முனையில் இருந்தவர்களுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்றே புரியவில்லை. கடைசியில் உள்ளூர் ஆபீஸில் நேரில் போய்ச் சொன்னதும் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

என்ன வாங்கினோம்

இப்போது ரூட்டர் பேச்சுக்கு வரலாம். 24,999 ரூபாய்ப் பெட்டியின் மேல் 11000 என்று ஒரு எண் இருந்தது. மூன்று அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டிப் போட்ட எண் அது: 4,804, இன்னொரு 4,804, அப்புறம் 1,148. எந்தக் கருவியும் மூன்றிலும் ஒரே நேரத்தில் பேசாது. பிளேஸ்டேஷன் 5-இல் ஒயர் செருகும் லேன் போர்ட்டே 1 ஜிகாபிட்தான். வீட்டுக்கு வருவதோ 40 எம்பிபிஎஸ். குடத்தில் தண்ணீர் பிடிக்க ஃபயர் சர்வீஸ் குழாய் எதற்கு?

எங்களுக்குத் தேவை மூன்று விஷயம். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டருக்கான இலவச மென்பொருள்) ஏற்ற முடிய வேண்டும், ஏனென்றால் கேக் அதில் வருகிறது. எல்லா லேன் போர்ட்டும் ஜிகாபிட்டாக இருக்க வேண்டும். வரிசையை ஒழுங்குபடுத்துவது முழுக்கப் பிராசசர் வேலை என்பதால், அது 100 எம்பிபிஎஸ் வரையாவது தாங்க வேண்டும், நாளைக்குத் திட்டம் மாறலாம். வைஃபை 6 இருந்தால் நல்லது, கட்டாயம் இல்லை. ஆறாயிரம் ரூபாய்க்குள் கிடைத்துவிட்டது. மீதிப் பத்தொன்பதாயிரம் என்ன ஆகும் என்று பையன் கேட்டான். அக்கா பதில் சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை. கடைப் பெட்டிகளில் 'கேமிங் மோட்', 'கியூஓஎஸ்' என்று எழுதியிருப்பதெல்லாம் இந்த வேலையைச் செய்யும் என்று நம்பிவிடாதீர்கள். சில செய்யும். பல, கன்சோலின் பாக்கெட்டுக்கு முன்னுரிமைச் சீட்டு மட்டும் கொடுத்துவிட்டு, வரிசையை நீளமாகவே விட்டுவைக்கும். வாங்கிய அன்றைக்கே ஒரு போனில் பெரிய அப்லோட் ஓடவிட்டு, பக்கத்தில் பிங் பாருங்கள். ஏறினால் கடைக்குத் திருப்பிவிடலாம்.

ஒயர்

இந்த மொத்த வேலையில் அதிகப் பலன் தந்தது பதினெட்டு மீட்டர் கேட் 6 லேன் கேபிள். அதிகச் சண்டை வந்ததும் அதற்குத்தான். "பெயின்ட் அடிச்சு ஆறு மாசம் ஆகல, சுவத்துல ஓட்டை போட்டியோ பாரு" என்றாள் அக்கா. பீரோவை நகர்த்தலாமே என்றேன், அதற்கு ஓட்டையே தேவலை என்றாள். கடைசியில் வராந்தாவிலிருந்து லாஃப்ட்டில் ஏற்றி, படுக்கையறையின் ஏசி குழாய்க்குப் போட்டிருந்த ஓட்டை வழியாக வெளிச்சுவருக்கு எடுத்து, பையன் அறை ஜன்னலில் இறக்கினோம். கரண்ட் ஒயர் போகிற குழாய்க்குள் இதை நுழைக்கக் கூடாது என்று எலக்ட்ரீஷியனிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மாட்டிப் பார்த்தால் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்று காட்டியது, ஜிகாபிட் வரவில்லை. கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. வரிசை சரிதான். ஆனால் கடைசிப் பழுப்பு ஒயர் முனைவரை போகாமல் அரை மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. 100-க்கு இரண்டு ஜோடி ஒயர் போதும், ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்ததும், அதாவது புதுக் கனெக்டரை அழுத்திப் பொருத்தியதும் வந்தது. 40 எம்பிபிஎஸ் வீட்டுக்கு 100-ஏ போதும்தான், ஆனால் சரியில்லாத கிரிம்ப்பை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

ஒயர் போடவே முடியாத வீடுகளில் அடுத்த வழி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை. அதற்குத் தனிப் பெயர் வைத்து, கன்சோலை அதில் மட்டும் சேருங்கள். ஒரே பெயராக விட்டால் அது பாட்டுக்கு 2.4-இல் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என மூன்றே மூன்று, அதற்குள் தெரு முழுக்க அடித்துக்கொள்கிறது. போதாதற்கு கன்ட்ரோலரின் புளூடூத்தும் அங்கேதான் பேசுகிறது. 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4-க்கு 5 கிகாஹெர்ட்ஸே தெரியாது, அதை வைத்திருப்பவர்கள் எப்படியாவது ஒயர் இழுத்துவிடுங்கள்.

அமைப்பு

புது ரூட்டரை அப்படியே பழைய பெட்டிக்குப் பின்னால் செருகியிருந்தால் இரட்டை நாட் ஆகியிருக்கும், இரண்டு பூட்டு. அதனால் பழைய பெட்டியைப் பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பைக் கடத்தி மட்டும் விடும் நிலைக்கு) மாற்றி, பிபிபிஓஇ (நிறுவனத்தின் லைனில் உள்நுழையும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல், விலான் எண் (லைனில் நம் தடத்தைக் குறிக்கும் எண்) மூன்றையும் புது ரூட்டரில் போட்டேன். விலான் எண் இல்லாமல் லைன் எழாது. பிரிட்ஜ் மோட் கேட்கப் போகும்போதே அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1492 பைட். பழைய பெட்டியின் வைஃபையை அணைத்தாயிற்று.

யூபிஎன்பியைப் போட்டுவிட்டேன், கன்சோலுக்கு நிலையான உள் முகவரி கொடுத்து, அதற்கு மட்டும் அனுமதி என்ற விதியோடு. அனுமதி எல்லோருக்கும் என்று விட்டால் வீட்டில் இருக்கிற ஏதோ ஒரு மலிவுக் கேமராவும் கதவைத் திறந்துவைத்துவிடும். இணைப்புச் சோதனையில் நாட் டைப் 2 வந்தது. டைப் 1 வேண்டும் என்று பையன் அடம்பிடித்தான். ரூட்டரே இல்லாமல் கன்சோலை நேராக இணையத்தில் நிறுத்தினால் வருவது அது, 2-இல் எல்லாம் நடக்கும் என்று சொல்லி முடித்தேன்.

கேக்குக்கு டவுன்லோட், அப்லோட் இரண்டு பக்கமும் 36 எம்பிபிஎஸ் கொடுத்தேன். உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால்தான் வரிசை நம் ரூட்டரில் நிற்கும், நம் கட்டுப்பாட்டில் இருக்கும். "நாலு எம்பி குறையுதே, அவன் முழுக் காசுதானே வாங்குறான்?" என்றார் அத்தான். நியாயமான கேள்விதான். போனைக் கொடுங்கள் என்று வாங்கி, ஒரு நீள வீடியோவை ஏற்றவிட்டேன். பிங் 12, 14, 13, 16. பையன் ஆடிக்கொண்டே இருந்தான். அத்தான் அதற்கு மேல் கேட்கவில்லை.

விட்டுப்போனது ஒன்று. கரண்ட் போனால் பழைய பெட்டிக்கு மினி யூபிஎஸ் இருந்தது, 12 வோல்ட் 2 ஆம்பியர். புது ரூட்டரையும் அதிலேயே தொங்கவிட்டோம். முதல் கரண்ட் கட்டில் இரண்டும் சேர்ந்து அணைந்து அணைந்து எழுந்தன. இரண்டு அடாப்டரிலும் எழுதியிருந்ததைக் கூட்டினால் 2.5 ஆம்பியர். கிளம்பும் அவசரத்தில் கூட்டிப் பார்க்காதது என் தப்பு. இன்னொரு யூபிஎஸ் வாங்கினோம்.

மூன்றாவது வாரம் பையன் மறுபடி கூப்பிட்டான். அப்பா ஊரிலேயே இல்லை, ஆனாலும் ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை லேக். தொலைவிலிருந்தே ரூட்டருக்குள் போய்ப் பார்த்தேன். அந்த நேரத்தில் தெருவே நெட்டில் இருக்கும், லைனே 33, 34-தான் தந்துகொண்டிருந்தது. நான் வைத்த 36-ஐவிடக் குறைவு, ஆக வரிசை மறுபடி நிறுவனத்தின் பக்கம் போய்விட்டது. டவுன்லோடை மட்டும் 30-க்கு இறக்கினேன். பிங் 15-க்கு வந்தது. அத்தானிடம் இந்த 30-ஐப் பற்றி இதுவரை சொல்லவில்லை.